சேர்க்கைக் குழு உங்கள் கேள்வியைத் தேடுகிறது

வெளிநாட்டில் சட்டம் படிக்க விரும்பும் இளைய வழக்கறிஞர்களும் இறுதியாண்டு மாணவர்களும் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "என் மதிப்பெண்ணுக்கு ஹார்வர்ட் கிடைக்குமா, ஆக்ஸ்போர்ட் கிடைக்குமா?" அந்தக் கேள்வியில் இருக்கும் பதற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே பதற்றத்தோடு விண்ணப்பித்து, வெளிநாட்டு மாணவியாக முதுநிலைச் சட்டம் படித்துத் திரும்பியவள் நான். அதற்குப் பிறகு பலருடைய விண்ணப்பங்களை வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். நல்ல மதிப்பெண் இல்லாமல் இந்தக் கல்லூரிகளில் நுழைவது கடினம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இறுதிச் சுற்றில் சேர்க்கைக் குழுவின் மேசைமேல் இருக்கும் விண்ணப்பங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் இருக்கும். அங்கே ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது, சட்டத்தைப் பற்றி அவருக்கென்று சொந்தமாக ஒரு கேள்வி இருக்கிறதா, அதை அவர் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கல்லூரியின் பெயரைத் தேர்வதற்கு முன்னால் படிப்பைத் தேர்ந்துவிட வேண்டும். ஏற்கெனவே சட்டப் பட்டம் பெற்றவர்களுக்குப் பொதுவாகத் திறந்திருப்பது எல்எல்எம் என்ற ஓராண்டு முதுநிலைச் சட்டப் படிப்பு. ஆக்ஸ்போர்டில் அதற்கு இணையான இடத்தில் இருப்பவை பிசிஎல், எம்ஜூர் என்ற இரண்டு படிப்புகள். முந்தைய தீர்ப்புகளை முன்மாதிரியாகக் கொள்ளும் இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில் பயின்றவர்கள் பிசிஎல் படிப்புக்கும், பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளின் தொகுப்புச் சட்ட மரபில் பயின்றவர்கள் எம்ஜூர் படிப்புக்கும் விண்ணப்பிக்கிறார்கள். பாடங்களில் பெரும்பகுதியை இரு தரப்பினரும் ஒன்றாகவே படிக்கிறார்கள். நான்கு பாடங்கள், அல்லது மூன்று பாடங்களும் ஓர் ஆய்வுரையும் என்பது பிசிஎல் அமைப்பு. கேம்பிரிட்ஜின் எல்எல்எம் படிப்பிலும் நான்கு தாள்கள்தான். கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த நான்கு பாடங்களுக்குள் எவ்வளவு ஆழமாக இறங்க வேண்டியிருக்கும் என்பதை அங்கே போன முதல் வாரத்தின் வாசிப்புப் பட்டியலே காட்டிவிடும்.

அமெரிக்காவில் ஒரே பெயருள்ள படிப்பு கல்லூரிக்குக் கல்லூரி வேறு நோக்கத்தோடு நடக்கிறது. ஹார்வர்டின் எல்எல்எம் வகுப்பில் ஆண்டுக்குச் சுமார் 180 பேர் சேர்கிறார்கள். நீதிபதிகள், அரசு அதிகாரிகள், பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்கள், மனித உரிமைப் பணியாளர்கள், ஆய்வாளர்கள் என்று பல துறையினரும் அதில் இருப்பார்கள். யேலின் எல்எல்எம் வகுப்பில் சுமார் 25 பேர்தான். சட்டப் பேராசிரியராக வேண்டும் என்ற உறுதி கொண்டவர்களை மனத்தில் வைத்தே அந்தப் படிப்பு அமைக்கப்பட்டிருக்கிறது. நிறுவன இணைப்பு ஒப்பந்தங்களில் திறமை காட்டிய ஒருவர், பேராசிரியப் பணியில் துளியும் நாட்டமில்லாமல், தரவரிசைப் பட்டியலில் முன்னணியில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக யேலுக்கு விண்ணப்பித்தால், விண்ணப்பக் கட்டணமும் உழைப்பும் வீணாகும் என்றுதான் சொல்வேன். தரவரிசைப் பட்டியல்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

அமெரிக்காவின் மூன்றாண்டு ஜேடி படிப்பு முற்றிலும் வேறு வழி. அங்கேயே நிலைத்து வழக்கறிஞராக வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு அது பொருத்தமானது. எந்தத் துறையில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதற்கான எல்சாட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் 120 முதல் 180 வரை. பலரையும் அச்சுறுத்திவந்த தர்க்கப் புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்ட் முதல் அதில் இல்லை. பள்ளிப் படிப்பை முடித்தவுடன் பிரிட்டனில் இளநிலைச் சட்டம் படிக்க விரும்புவோர் ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லண்டனின் யூசிஎல் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களுக்காக எல்நாட் தேர்வு எழுத வேண்டும். 95 நிமிடத்தில் 42 கேள்விகள், பிறகு 40 நிமிடத்தில் ஒரு கட்டுரை. சட்ட அறிவை அது சோதிப்பதில்லை. ஒரு பத்தியைப் படித்து, அதை எழுதியவர் எதை நிறுவினார், எதை நிறுவாமலே ஏற்றுக்கொண்டார் என்று பிரித்தறியும் திறனைத்தான் சோதிக்கிறது. ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 15 என்பதால் பள்ளியின் இறுதியாண்டு தொடங்கும்போதே தயாராக இருக்க வேண்டும். இனி எழுதப்போவது பெரும்பாலும் முதுநிலைப் படிப்பைப் பற்றியது. எனக்கு நெருக்கமாகத் தெரிந்த வழி அது.

நோக்க அறிக்கைதான் விண்ணப்பத்தின் இதயம். ஹார்வர்டின் எல்எல்எம் விண்ணப்பம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. 1,500 சொற்களுக்குள் எழுத வேண்டிய அந்த அறிக்கையில் இரண்டு பகுதிகள். முதல் பகுதியில், உங்கள் துறையிலுள்ள முக்கியமான ஒரு சட்டச் சிக்கலை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு கோட்பாட்டுச் சட்டகத்தையோ பகுப்பாய்வையோ சீர்திருத்த வழியையோ முன்வைக்க வேண்டும். இரண்டாம் பகுதியில்தான் இந்தப் படிப்பு ஏன், இங்கே ஏன், இதுவரை செய்ததோடும் இனிச் செய்யப்போவதோடும் இதற்கு என்ன தொடர்பு என்பவை வருகின்றன. வரிசையைக் கவனியுங்கள்: உங்களைப் பற்றிய கதைக்கு முன்பாகச் சட்டத்தைப் பற்றிய உங்கள் சிந்தனையை அவர்கள் கேட்கிறார்கள். மற்றக் கல்லூரிகள் இப்படிப் பிரித்துக் கேட்காவிட்டாலும் படிப்பவர்களின் எதிர்பார்ப்பு ஏறக்குறைய இதுவே.

பலரும் எழுதிக்கொண்டு வரும் தொடக்கத்தின் சாரம் இப்படி இருக்கும்: "சிறு வயதிலிருந்தே அநீதியைக் கண்டு கொதித்தெழும் இயல்பு எனக்கு உண்டு. உலகமயமான இந்தக் காலகட்டத்தில் சர்வதேச வணிக நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் முக்கியத்துவம் நாளுக்கு நாள் வளர்ந்துவருகிறது. உலகப் புகழ்பெற்ற பேராசிரியர்களிடம் அதைப் பயில்வது என் நெடுநாள் கனவு." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவரின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரை வைத்தால் எந்த மாற்றமும் தேவைப்படாது. படிக்கும் பேராசிரியருக்கு எழுதியவரைப் பற்றி ஒன்றுமே தெரியவராது.

அதே துறையில், அதே விருப்பத்தோடு, வேறு விதமாகத் தொடங்கிப் பார்ப்போம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத ஒரு நிறுவனத்தை, கையெழுத்திட்ட நிறுவனத்தின் குழுமத்தைச் சேர்ந்தது என்பதற்காக நடுவர் தீர்ப்பாயத்தின் (நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒப்பந்தத் தரப்பினர் ஏற்றுக்கொள்ளும் நடுவர்களின்) முன் நிறுத்த முடியுமா? 1982-இல் பாரிஸில் டௌ கெமிக்கல் வழக்கில் நடுவர்கள் முடியும் என்றார்கள். 2004-இல் பீட்டர்சன் ஃபார்ம்ஸ் வழக்கில் இங்கிலாந்தின் வணிக நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டுக்குத் தன் சட்டத்தில் இடமில்லை என்றது. 2023 டிசம்பரில் காக்ஸ் அண்ட் கிங்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குழுமத்தில் இருப்பது மட்டும் போதாது என்றும், நடத்தையிலிருந்து தெரியவரும் இசைவே அடிப்படை என்றும் விளக்கிக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. இப்போது கேள்வி கூர்மையாகிறது: நடத்தையிலிருந்து இசைவை ஊகிக்கலாம் என்றால், அந்த ஊகத்துக்கு எல்லை எது? பேச்சுவார்த்தையில் கலந்துகொண்ட தாய் நிறுவனமும், பணம் மட்டும் செலுத்திய துணை நிறுவனமும் ஒரே நிலையில் இருக்கின்றனவா? இதை எழுதுபவர் தாம் ஓர் இளைய வழக்கறிஞராக இப்படிப்பட்ட ஒரு மனுவில் வேலை செய்ததையும், இரு தரப்பு வாதங்களும் தமக்கு நிறைவளிக்காததையும் இரண்டு வாக்கியங்களில் சேர்த்துவிட்டால் போதும். கனவு, ஆர்வம் என்ற சொற்களே இல்லாமல் கனவும் ஆர்வமும் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட கேள்விக்கு முடிவான விடை வேண்டியதில்லை. விடை கையில் இருந்தால் படிக்கப் போவதற்குக் காரணமே இல்லை. எதிர்க்கருத்தின் வலுவை நேர்மையாக ஒப்புக்கொண்டு, தம் பக்கச் சாய்வையும் தெளிவாகச் சொல்லி, எந்த இடத்தில் தமக்கு இன்னும் வெளிச்சம் போதவில்லை என்று காட்டுகிற விண்ணப்பத்தையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அங்கிருந்து அந்தக் கல்லூரியின் பாடங்களுக்குப் போவதும் இயல்பாக அமையும்: இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒப்பந்தச் சட்டத்தின் கோட்பாட்டு அடிப்படை தேவை, அதற்கு இன்ன பாடம்; ஒவ்வொரு நிறுவனமும் சட்டத்தின் பார்வையில் தனி ஆள் என்ற கருத்தைப் பற்றிய விவாதம் தேவை, அதற்கு இன்ன பாடம். இணையதளத்தில் இருக்கும் பேராசிரியர் பெயர்களை வரிசையாக அடுக்குவதால் பயனில்லை. நீங்கள் உண்மையில் படித்த ஒரு கட்டுரையோடு எங்கே உடன்படவில்லை என்று ஒரு வரி எழுதுவது அந்தப் பட்டியலைவிட எவ்வளவோ மேல். நீங்கள் குறிப்பிடும் பேராசிரியர் அந்த ஆண்டில் ஆய்வு விடுப்பில் இருக்கலாம், அந்தப் பாடமே நடக்காமலும் போகலாம் என்பதால் அந்த ஆண்டின் பாடப் பட்டியலைப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

அடுத்தது பரிந்துரைக் கடிதங்கள். ஆக்ஸ்போர்ட் மூன்று கேட்கிறது. முடிந்தவரை அவை கல்வித் தகுதியைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. இங்கேதான் வெளிநாட்டு மாணவர்கள் மிகவும் தடுமாறுகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்த வகுப்பறையில் படித்த மாணவரின் முகமே ஆசிரியருக்கு நினைவிருக்காது. உடனே பெரிய பதவியில் இருக்கும் ஒருவரைத் தேடிப் போகிறார்கள்: ஓய்வுபெற்ற நீதிபதி, மூத்த வழக்கறிஞர், பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர்களும் பெருந்தன்மையோடு அரைப் பக்கக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். "கடின உழைப்பாளி, பணிவானவர், ஒளிமயமான எதிர்காலம் உள்ளவர்" என்ற அந்தக் கடிதம் விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்துவதில்லை. உங்கள் ஆய்வுக் கட்டுரையைத் திருத்திய, உங்களோடு வாதிட்ட, பெயர் அதிகம் தெரியாத ஓர் உதவிப் பேராசிரியர் எழுதும் கடிதம், "நான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கற்பித்த மாணவர்களில் முதல் மூவரில் ஒருவர், என் கருத்தை மறுத்து இவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் முறையையே நான் மாற்றினேன்" என்று சொன்னால் அதன் எடையே வேறு.

அப்படிப்பட்ட கடிதம் தானாக வந்துவிடாது. ஆசிரியருக்கு நினைவூட்ட வேண்டியது மாணவரின் கடமை. அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. அவரிடம் நீங்கள் எழுதிய கட்டுரையின் பிரதி, அவர் அதில் எழுதிய குறிப்புகள், பாட மதிப்பெண், நோக்க அறிக்கையின் வரைவு, விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் கடைசி நாட்கள் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கொடுங்கள். குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கொடுங்கள். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்று ஆசிரியர் சொல்கிறார், என்ன செய்வது?" என்று கேட்பவர்கள் பலர். என் பதில் ஒன்றுதான்: கடிதத்தை நீங்கள் எழுதாதீர்கள், மேற்சொன்ன குறிப்புகளை விரிவாக எழுதிக் கொடுத்து, கடிதம் அவருடைய சொற்களிலேயே இருக்க வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள். கடிதத்தை மாணவர் தாமே எழுதுவது நேர்மையற்றது என்பதோடு, மூன்று கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும். பெரும்பாலான கல்லூரிகளில் பரிந்துரைப்பவர் தம் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து நேரடியாகப் பதிவேற்ற வேண்டும். அந்த இணைப்பு வேண்டாத அஞ்சல்களின் கோப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதால், அனுப்பிய அன்றே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மதிப்பெண் சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் 60 விழுக்காடு என்பதே முதல் வகுப்பு. வகுப்பில் முதலிடம் பெற்றவரே 70-ஐத் தாண்டியிருக்க மாட்டார். வேறு சில இடங்களில் 85 சாதாரணம். சேர்க்கைக் குழுவுக்குப் பல நாட்டு முறைகள் பழக்கமானவைதான் என்றாலும், எல்லாப் பல்கலைக்கழகங்களின் வழக்கத்தையும் அவர்கள் அறிந்திருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. வகுப்பில் எத்தனை பேர், அதில் உங்கள் இடம் என்ன என்பதைப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வச் சான்றாக வாங்கி இணையுங்கள். அது கிடைக்காவிட்டால் பரிந்துரைக் கடிதத்தில் ஆசிரியர் அதைக் குறிப்பிடட்டும். நான் படித்த பல்கலைக்கழகத்தில் இந்தச் சான்றை முத்திரையிட்ட உறையில் பெறுவதற்குள் பல மேசைகள் தாண்ட வேண்டியிருந்தது. விண்ணப்ப வேலைகளில் மாணவரின் கையை மிகவும் மீறிய வேலை இது என்பதால் எல்லாவற்றுக்கும் முன்னதாக இதைத் தொடங்கிவிடுங்கள். ஆங்கிலத் தேர்வுக்கும் இதே அறிவுரை. ஆக்ஸ்போர்டின் சட்டப் படிப்புகள் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தத்தில் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 7.0 எதிர்பார்க்கின்றன, எழுத்துப் பகுதியில் 6.5 வாங்கி மறுபடியும் எழுத வேண்டிவருவோர் பலர்.

பணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டும். இந்தப் படிப்புகளின் செலவு பெரும்பாலான குடும்பங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. உதவித்தொகை என்பது விண்ணப்பத்துக்குப் பிறகு யோசிக்கும் விஷயமாக இருக்கவே கூடாது. ஆக்ஸ்போர்டுக்கு ரோட்ஸ், கேம்பிரிட்ஜுக்கு 2000-இல் நிறுவப்பட்ட கேட்ஸ் கேம்பிரிட்ஜ், பிரிட்டனின் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குச் சீவ்னிங், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் என்று பல வழிகள் உள்ளன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதிகளும் கட்டுப்பாடுகளும் உண்டு. சீவ்னிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் காட்ட வேண்டும். படித்து முடித்தபின் குறைந்தது இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட் மாணவர்கள் செல்லும் ஜே-1 விசாவுக்கும் இரண்டாண்டு தாயகவாச நிபந்தனை உண்டு. ஹார்வர்டின் எல்எல்எம் நிதியுதவி மதிப்பெண்ணைப் பார்த்துத் தரப்படுவதில்லை. குடும்பத்தின் நிதி நிலைமையைப் பார்த்துத் தரப்படுகிறது. எனவே வசதியில்லை என்பதற்காக விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது தவறான கணக்கு.

ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்த முதல் பெண்ணான இந்தியர் கார்னீலியா சொராப்ஜி 1889-இல் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரிக்கு வந்தது இந்தப் பணக் கதையோடு நெருங்கிய தொடர்புடையது. தேர்வில் முதலிடம் பெற்ற அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய அரசு உதவித்தொகை, பெண் என்பதற்காக மறுக்கப்பட்டது. இங்கிலாந்தில் இருந்த ஆதரவாளர்கள் நிதி திரட்டித்தான் அவரைப் படிக்க வைத்தார்கள். 1892-இல் பிசிஎல் தேர்வு எழுதுவதற்கே பல்கலைக்கழகத்தின் தனி அனுமதி வேண்டியிருந்தது. தேர்வில் வென்ற பிறகும், பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்ட் முடிவு செய்த 1920-க்குப் பின்னர்தான் அவர் கைக்குப் பட்டம் வந்தது. எந்தத் துணையும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் பெண்களிடம் இந்த வரலாற்றை நான் தவறாமல் சொல்வதுண்டு.

கடன் வாங்கிப் போகிறவர்கள் ஒரு கணக்கை மட்டும் கண்டிப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டும்: அந்தப் பட்டம் அந்த நாட்டில் தொழில் செய்யும் உரிமையைத் தருகிறதா? இங்கிலாந்தில் எல்எல்எம் படித்ததால் மட்டும் யாரும் சொலிசிட்டர் என்ற வழக்கறிஞர் ஆகிவிட முடியாது. 2021-இல் தொடங்கிய எஸ்க்யூஇ தகுதித் தேர்வுகளைத் தனியே எழுத வேண்டும். நியூயார்க்கில் வழக்கறிஞர் உரிமம் பெற எழுதும் பார் தேர்வுக்கு வெளிநாட்டுச் சட்டப் பட்டதாரிகளை அனுமதிக்கும் விதி 520.6. உங்கள் முதல் பட்டம் கால அளவிலோ பாட உள்ளடக்கத்திலோ ஏதாவது ஒன்றில் மட்டும் குறைவாக இருந்தால் 24 கிரெடிட் (பாட அலகு) கொண்ட எல்எல்எம் அந்தக் குறையை நிவர்த்தி செய்யும். இரண்டிலும் குறைவாக இருந்தால் செய்யாது. அந்த 24 கிரெடிட்டிலும் தொழில்முறை நெறிக்கு 2, சட்ட ஆய்வுக்கும் எழுத்துக்கும் 2, அமெரிக்கச் சட்ட அறிமுகத்துக்கு 2, பார் தேர்வில் வரும் பாடங்களுக்கு 6 என்று பாதி போய்விடும். நோக்க அறிக்கையில் உருக்கமாக எழுதிய அந்தக் கேள்வியைத் தொடர மீதிப் பாதிதான் கிடைக்கும். இரண்டையும் ஒரே ஆண்டில் சாதிக்கலாம் என்று எண்ணுவோர் முன்கூட்டியே பாடங்களைக் காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவர்களுக்குப் படிப்புக்குப் பின் வேலை அனுமதி 12 மாதம்தான். அறிவியல் தொழில்நுட்பத் துறையினருக்குக் கிடைக்கும் நீட்டிப்பு சட்டப் பட்டதாரிகளுக்குக் கிடையாது.

இடம் கிடைத்துவிட்டது என்ற கடிதம் வந்ததும், அதில் நிபந்தனைகள் என்னவென்று நிதானமாகப் படியுங்கள்: இறுதியாண்டு மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு, நிதிச் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு இருக்கும். பிரிட்டன் விசாவுக்கு, வாழ்க்கைச் செலவுக்கான தொகை வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருந்ததைக் காட்ட வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். இந்த வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் மாதங்களைப் படிப்புக்கும் ஒதுக்குங்கள். ஹார்வர்டில் 1870-இல் சட்டத் துறைத் தலைவரான லாங்டெல் தொடங்கிவைத்த முறையின்படி அமெரிக்க வகுப்பறைகளில் இன்றும் பேராசிரியர் யாரை வேண்டுமானாலும் எழுப்பி, தீர்ப்பின் உண்மைகளை மாற்றி மாற்றிக் கேள்வி கேட்பார். ஆக்ஸ்போர்டின் சிறுகுழு வகுப்பில் உங்கள் கட்டுரையை வைத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு படியையும் கேட்பார்கள். தீர்ப்புகளின் தலைப்பில் வரும் சுருக்கக் குறிப்புகளை மட்டும் படித்துத் தேர்வு எழுதிப் பழகியவர்களுக்கு இரண்டுமே முதலில் திணறலாக இருக்கும். எனவே உங்கள் துறையின் பத்து முக்கியத் தீர்ப்புகளை, மாறுபட்ட நீதிபதியின் கருத்து உட்பட முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் எந்தப் பக்கம், ஏன் என்று ஒரு பக்கம் எழுதிவைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.